மூன்றாவது மாத்திரை: திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேட்டை மீண்டும் வாசித்தல்

1. கேள்வி

நாகர்கோவிலிலிருந்து வரும் நெடுஞ்சாலை களியக்காவிளை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் கடந்து கரமனை ஆற்றைத் தாண்டித் திருவனந்தபுரத்துக்குள் நுழைகிறது. 1956 நவம்பர் 1இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு இணைந்தது. எல்லை மாறியதே தவிர, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழி மாறவில்லை. மூச்சு முட்டி, கால் வீங்கி, தலையணையை உயர்த்தி வைத்தும் படுக்க முடியாமல் போகிறவர்களை ஏற்றிக்கொண்டு வரும் வண்டிகளில் பல இன்றும் கரமனை வழியாகத்தான் மருத்துவக் கல்லூரிக்கோ, 'சித்ரா' எனப்படும் ஸ்ரீ சித்திரைத் திருநாள் கழகத்துக்கோ, நகரின் தனியார் மருத்துவமனைகளுக்கோ போகின்றன. எக்கோ எடுத்து முடித்ததும் குடும்பத்தாரிடம் ஒரு எண் சொல்லப்படும்: 'பம்பிங் 30தான்.'

அப்படி உள்நோயாளியாகச் சேர்ந்தவர்களுக்கு, உலகம் ஒப்புக்கொண்ட சிகிச்சை எந்த அளவுக்குக் கிடைத்தது? இந்தக் கேள்விக்கு இந்தியாவில் முதன்முதலில் விரிவான புள்ளிவிவரங்களோடு விடை தந்த ஊர்களில் திருவனந்தபுரம் முக்கியமானது. கிடைத்த விடை மகிழ்ச்சி தருவதாக இல்லை. முழுச் சிகிச்சையோடு வீடு திரும்பியவர்கள் நான்கில் ஒருவர். 'டாக்டர்கள் கைடுலைனைப் பின்பற்றுவதில்லை' என்பதற்குச் சான்றாகவே இந்த எண் அடிக்கடி மேற்கோள் காட்டப்படுகிறது. அந்த வாசிப்பு எவ்வளவு தூரம் தாங்கும் என்பதே இக்கட்டுரையின் விசாரணை.

2. பதிவேடு சொல்வது

திருவனந்தபுரம் இதயச் செயலிழப்புப் பதிவேடு 2013 ஜனவரி முதல் டிசம்பர் வரை நடந்தது. ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் தொழில்நுட்பக் கழகத்தின் எஸ். ஹரிகிருஷ்ணன் தலைமையில், மாவட்டத்தின் 18 மருத்துவமனைகள், அதாவது நகர்ப்புறத்தில் 13, கிராமப்புறத்தில் 5, இதில் பங்கேற்றன. இதயச் செயலிழப்புக்காகச் சேர்ந்த 1,205 பேர் தொடர்ச்சியாகப் பதிவு செய்யப்பட்டார்கள். பெரிய சிறப்பு மையம் ஒன்றின் வாசலை மட்டும் பார்க்காமல், ஒரு மாவட்டத்தின் நடைமுறையைப் பார்த்ததுதான் இதன் பலம்.

நோயாளிகளின் சராசரி வயது 61. அமெரிக்காவின் அடேர் பதிவேட்டில் சராசரி 72. நம்மவர்கள் பத்தாண்டு முந்திக்கொள்கிறார்கள். பத்தில் ஏழு பேர் ஆண்கள். 72 சதவீதத்தினருக்கு அடிப்படைக் காரணம் இதயத் தமனி அடைப்பு. மருத்துவமனையில் தங்கியது, இடைநிலை அளவில், 6 நாள். மருத்துவமனையிலேயே இறந்தவர்கள் 8.5 சதவீதம், அடேரில் இது 4 சதவீதம். ஐந்தாண்டு தொடர்ந்து கவனித்தபோது 59 சதவீதத்தினர் இறந்திருந்தார்கள். இடைநிலை ஆயுள் 3.1 ஆண்டு. பல புற்றுநோய்களுக்கு நாம் அஞ்சுகிற அளவு இதற்கு அஞ்சுவதில்லை என்பது விந்தை.

இனி, சர்ச்சைக்குரிய எண். இடது கீழறையின் சுருங்கும் திறன் குறைந்தவர்களில், வழிகாட்டுநெறி கோரும் மருந்துகள் முழுமையாகக் கிடைத்தவர்கள் மருத்துவமனையில் இருந்தபோது 19 சதவீதம். வீடு திரும்பும்போது 25 சதவீதம். போதாத சிகிச்சை, 90 நாளுக்குள் நேர்ந்த மரணத்தோடு தொடர்புடையதாகத் தெரிந்தது. முதுமை, மிகக் குறைந்த பம்பிங், உயர்ந்த கிரியாட்டினின் ஆகியவற்றோடு இன்னொன்றும் அந்தப் பட்டியலில் இருந்தது: குறைந்த படிப்பு. இதைப் பிறகு பார்ப்போம்.

'முழுமையாக' என்ற அளவுகோல் கடுமையானது என்பதையும் சொல்லியாக வேண்டும். மூன்று வகை மருந்துகளும் ஒருங்கே எழுதப்பட்டிருந்தால்தான் ஒருவர் கணக்கில் சேர்வார். ஒரு கற்பனைக் கணக்கு: ஒவ்வொரு மருந்தும் நூற்றுக்கு 63 பேருக்கு, ஒன்றையொன்று சாராமல் எழுதப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். மூன்றும் சேர்ந்து கிடைப்பவர்கள் 25 பேர்தான் இருப்பார்கள். ஆகவே 25 சதவீதம் என்பதற்கு '75 பேருக்கு ஒன்றுமே தரவில்லை' என்று பொருள் கொள்ளக் கூடாது. ஆனால், அந்த மூன்றில் ஒன்று விட்டுப்போவதும் உயிரைப் பாதிக்கும் என்பதால், கடுமையான அளவுகோலைத் தவறென்றும் சொல்ல முடியாது.

3. நெறி வந்த வழி

மூன்று மருந்துகளும் ஒரே நாளில் வந்தவை அல்ல. எனாலப்ரில் தீவிர இதயச் செயலிழப்பில் உயிர் காக்கிறது என்று 1987இல் கான்சென்ஸஸ் ஆய்வும், அதைவிட லேசான நிலையிலும் பயன் தருகிறது என்று 1991இல் சால்வ்டு ஆய்வும் காட்டின. 1999இல் இரண்டு பெரிய திருப்பங்கள். பிசோப்ரொலால், மெட்டோப்ரொலால் ஆகிய பீட்டா தடுப்பான்களின் பயன் சிபிஸ்-2, மெரிட் ஆய்வுகளில் நிறுவப்பட்டது. ஸ்பைரோனோலாக்டோனின் பயனை ரேல்ஸ் ஆய்வு நிறுவியது.

இவற்றுள் பீட்டா தடுப்பானின் கதை தனி. இதயத்தின் வேகத்தையும் விசையையும் குறைக்கிற மருந்தைக் களைத்த இதயத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றுதான் ஒரு தலைமுறை மருத்துவர்கள் படித்தார்கள். சுவீடனின் கோத்தன்பர்க் நகரில் வாக்ஸ்டெயின் குழு 1975இலேயே மாறாக எழுதியும், உலகம் நம்புவதற்குக் கால் நூற்றாண்டு ஆயிற்று. 2013இல் திருவனந்தபுரத்து வார்டுகளில் பணியாற்றிய மூத்த மருத்துவர்களில் பலர், தாங்கள் படித்ததற்கு நேர் எதிரான ஒன்றைப் பின்னாளில் கற்றுக்கொண்டவர்கள்.

பிறகு 2014இல் சாகுபிட்ரில்-வால்சார்டன் வந்தது. 2019, 2020இல், சர்க்கரை நோய்க்கென்று அறிமுகமான டாபாகிளிஃப்லோசினும் எம்பாகிளிஃப்லோசினும் சர்க்கரை இல்லாத இதய நோயாளிக்கும் உதவுவதாகத் தெரிந்தது. 2021இன் ஐரோப்பிய நெறியும் 2022இன் அமெரிக்க நெறியும் நான்கு வகை மருந்துகளையும் முடிந்தவரை விரைவில் தொடங்கச் சொல்கின்றன. பதிவேடு எடுத்த காலத்தில் தேவை மூன்று, இன்று நான்கு.

4. அறியாமை என்ற விளக்கம்

மருத்துவருக்குத் தெரியவில்லை என்பது எளிதாகக் கிடைக்கும் விளக்கம். எனக்கு இது மிகவும் பலவீனமானதாகப் படுகிறது.

முதல் காரணம், இந்தக் குறை திருவனந்தபுரத்தின் தனிச்சொத்து அல்ல. 2018இல் வெளியான அமெரிக்காவின் சாம்ப் பதிவேடு சுமார் 150 சிகிச்சை மையங்களின் 3,518 வெளிநோயாளிகளை ஆராய்ந்தது. தகுதியுள்ளவர்களில் மூன்றில் இரண்டு பங்கினருக்கு ஸ்பைரோனோலாக்டோன் வகை மருந்து எழுதப்படவே இல்லை. மூன்று மருந்தையும் முழு டோஸில் பெற்றவர்கள் நூற்றில் ஒருவர். சிங்கப்பூரை மையமாகக் கொண்டு 11 ஆசிய நாடுகளையும் பிரதேசங்களையும் ஆராய்ந்த ஏஷியன்-எச்எஃப் பதிவேட்டில் பீட்டா தடுப்பான் 79 சதவீதத்தினருக்கு எழுதப்பட்டிருந்தது. பரிந்துரைத்த டோஸை எட்டியவர்கள் 13 சதவீதம். கருத்தரங்குகளுக்கும் கணினிப் பதிவுக்கும் பஞ்சமில்லாத நாடுகளிலும் நிலை இதுதான் என்றால், காரணம் அறியாமை அல்ல.

இரண்டாவது சான்று கேரளத்திலிருந்தே வருகிறது. மாரடைப்புச் சிகிச்சையைச் சீராக்க 2014 முதல் 2016 வரை மாநிலத்தின் 63 மருத்துவமனைகளில் 21,374 நோயாளிகளை உள்ளடக்கி நடந்த குயிக் ஆய்வு, சேர்க்கைக்கும் டிஸ்சார்ஜுக்கும் சரிபார்ப்புப் பட்டியல், தணிக்கை, பின்னூட்டம் என ஒரு கருவித்தொகுப்பைக் கொடுத்துப் பார்த்தது. முப்பது நாள் பெரும் பாதிப்பு 6.4 சதவீதத்திலிருந்து 5.3 ஆகக் குறைந்தாற்போல் தோன்றியது. ஆனால் காலப்போக்கில் எப்படியும் நிகழ்ந்திருக்கக்கூடிய முன்னேற்றத்தைக் கழித்துப் பார்த்தபோது வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது. மாரடைப்பும் இதயச் செயலிழப்பும் ஒன்றல்ல. இருந்தாலும், நினைவூட்டுவதால் மட்டும் விளைவு மாறாது என்ற எச்சரிக்கை இரண்டுக்கும் பொருந்தும்.

பிந்தைய பதிவேடுகளையும் இங்கே வைத்துப் பார்க்கலாம். 2022இல் வெளியான, 50 மருத்துவமனைகளின் 7,507 நோயாளிகளைக் கொண்ட கேரள மாநிலப் பதிவேட்டில் முழுச் சிகிச்சை நான்கில் ஒரு பங்கைச் சற்றே தாண்டியது. அதே ஆண்டு வெளியான தேசியப் பதிவேட்டில், 53 மருத்துவமனைகளின் 10,851 நோயாளிகளில், சுருங்கும் திறன் குறைந்தவர்களுள் 47.5 சதவீதத்தினர் அதைப் பெற்றிருந்தார்கள். 25இலிருந்து 47க்கு முன்னேறிவிட்டோம் என்று இதைக் கோடு போட்டு இணைப்பவர்கள் உண்டு. மருத்துவமனைகளின் தன்மை வேறு, மாநிலங்கள் வேறு. இவை ஒரே நதியின் இரு படித்துறைகள் அல்ல. தேசிய எண்ணைத் திருவனந்தபுரத்தின் வளர்ச்சியாக வாசிக்க எனக்குத் துணிவில்லை.

5. தயக்கத்தின் நியாயம்

அடுத்த விளக்கம் தயக்கம். இதை மருத்துவ இலக்கியம் 'சிகிச்சை மந்தம்' என்று கொஞ்சம் இளக்காரமாகவே குறிக்கிறது. கொஞ்சம் பொறுமையாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

வார்டின் ஆறு நாளை எண்ணிப் பாருங்கள். முதல் இரண்டு மூன்று நாள் ஊசி வழியாக ஃப்ரூஸெமைடு கொடுத்து உடம்பிலுள்ள நீரை இறக்குவதில் போகிறது. நுரையீரலில் நீர் கோத்திருக்கும் நிலையில் பீட்டா தடுப்பானைப் புதிதாகத் தொடங்க முடியாது. நீர் வடிந்து நிலை சீரான பிறகே, அதுவும் மிகச் சிறிய அளவில். ரத்த அழுத்தம் 90ஐ ஒட்டி நிற்கும். கிரியாட்டினின் நீர் மாத்திரையால் ஏறியிருக்கும். இந்த நிலையில் எனாலப்ரில் இன்னும் அழுத்தத்தை இறக்கும். ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை ஏற்றும். பொட்டாசியம் எல்லை மீறினால், காக்க வந்த மருந்தே இதயத் துடிப்பை நிறுத்திவிடும்.

இது வெறும் பயமல்ல. ரேல்ஸ் ஆய்வு வெளியான பிறகு கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் என்ன நடந்தது என்று ஜூர்லிங்க் குழு 2004இல் எழுதியது. ஸ்பைரோனோலாக்டோன் பரிந்துரை வேகமாகப் பெருகியது. கூடவே, உயர் பொட்டாசியத்தால் மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் 1994இல் ஆயிரத்துக்கு 2.4 ஆக இருந்தது 2001இல் 11 ஆயிற்று. ஆய்வில் பங்கேற்றவர்களின் ரத்தம் குறித்த நாளில் பரிசோதிக்கப்பட்டது. ஊருக்குள் வந்த மருந்தோடு அந்தப் பரிசோதனை கூடவரவில்லை. நெறி சொன்னதைச் செய்த மருத்துவர்கள்தான் அந்த நோயாளிகளுக்கும் மருந்து எழுதியவர்கள்.

இதைப் படித்த மருத்துவர் ஒருவர் மூன்றாவது மாத்திரைக்கு முன் பேனாவை நிறுத்தினால், அதை மந்தம் என்று சொல்லிவிட முடியுமா? அவர் கேட்டுக்கொள்ளும் கேள்வி மிகவும் நடைமுறை சார்ந்தது: இந்த நோயாளிக்கு அடுத்த வாரம் பொட்டாசியம் யார் பார்ப்பார்கள்? பார்த்த முடிவை யார் படிப்பார்கள்? படித்தவர் யாரைக் கூப்பிடுவார்? விடை தெரியாதபோது எழுதாமல் விடுவது, தனிப்பட்ட அந்த நேரத்தில், அறிவுக்குப் பொருந்தாத முடிவு அல்ல. தயக்கத்தையும் அமைப்பின் குறையையும் இரு தனிக் காரணங்களாகப் பிரித்து எழுதுவது ஆய்வுக்கட்டுரைகளின் வழக்கம். எனக்கு இரண்டும் ஒன்றாகவே தெரிகின்றன. டிஸ்சார்ஜுக்குப் பிறகு பின்தொடர்தல் இல்லை என்பது டிஸ்சார்ஜுக்கு முன்பே மருந்துச் சீட்டைப் பாதித்துவிடுகிறது.

பதிவேட்டின் தொடர்பைக் காரணமாக வாசிப்பதில் உள்ள பழைய சிக்கலும் இங்கே வருகிறது. அழுத்தம் தாழ்ந்து, சிறுநீரகம் கெட்டவர்களுக்கு மருந்து எழுதப்படாமல் போகும். அவர்கள் எப்படியும் அதிகம் இறப்பவர்கள். பதிவேடு புள்ளியியல் வழியில் இவற்றைச் சரிக்கட்ட முயன்றிருந்தாலும், படுக்கையருகே மருத்துவர் கண்ணால் கண்ட பலவீனம் எந்தப் பத்தியிலும் பதிவாகாது. மருந்து உயிர் காக்கிறது என்பதற்கான உறுதி சோதனை ஆய்வுகளிலிருந்து வருகிறது, பதிவேட்டிலிருந்து அல்ல. எத்தனை பேருக்கு அது எட்டவில்லை என்பதைத்தான் பதிவேடு சொல்கிறது.

6. தொடங்குவதும் உயர்த்துவதும்

இதுவரை சொன்னது மருத்துவர்களுக்கு ஆதரவான வாதம். அதற்கு ஓர் எல்லை உண்டு.

'வார்டில் நேரமில்லை, வெளிநோயாளியாக வரும்போது தொடங்கிக்கொள்ளலாம்' என்ற பழக்கத்தை இம்பாக்ட் ஆய்வு 2004லேயே சோதித்தது. 363 நோயாளிகளில் ஒரு பாதியினருக்கு கார்வெடிலால் டிஸ்சார்ஜுக்கு முன்பே தொடங்கப்பட்டது. மறுபாதியினருக்கு அது பின்னர் மருத்துவரின் முடிவுக்கு விடப்பட்டது. அறுபது நாள் கழித்துப் பார்த்தால் முதல் குழுவில் 91 சதவீதத்தினர் பீட்டா தடுப்பான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். இரண்டாவது குழுவில் 73. பாதுகாப்பில் குறை தெரியவில்லை. வார்டில் தொடங்காதது வெளியிலும் பெரும்பாலும் தொடங்காது என்பதற்கு இதைவிட நேரான சான்று தேவையில்லை. எனவே, அழுத்தமும் சிறுநீரகமும் இடம்தந்தும் சிறு டோஸில்கூடத் தொடங்காமல் அனுப்பிய சம்மரிகள் திருவனந்தபுரத்தின் 75 சதவீதத்துக்குள் கணிசமாகவே இருந்திருக்க வேண்டும். அவற்றுக்கு அமைப்பைக் குறைசொல்ல முடியாது. விலையையும் சொல்ல முடியாது: எனாலப்ரில், கார்வெடிலால், ஸ்பைரோனோலாக்டோன் மூன்றுமே காப்புரிமை முடிந்து, மலிவான பொதுப்பெயர் மருந்துகளாக எப்போதோ கிடைக்கத் தொடங்கியவை.

ஆனால் தொடங்கியதை உயர்த்துவது வேறு வேலை. 2022இல் வெளியான ஸ்ட்ராங்-எச்எஃப் ஆய்வு அதை எப்படிச் செய்யலாம் என்று காட்டியது. 1,078 பேரில் ஒரு குழுவினருக்கு டிஸ்சார்ஜுக்கு முன் அரை டோஸ், இரண்டு வாரத்தில் முழு டோஸ். அதற்காக ஒன்று, இரண்டு, மூன்று, ஆறாம் வாரங்களில் நேரில் வரவழைத்து அழுத்தம், பொட்டாசியம், சிறுநீரகச் செயல்பாடு பார்க்கப்பட்டன. 180 நாளில் இறப்போ மறுசேர்க்கையோ நேர்ந்தவர்கள் இந்தக் குழுவில் 15.2 சதவீதம், வழக்கமான கவனிப்பில் 23.3. வேறுபாடு தெளிவாக இருந்ததால் ஆய்வு முன்கூட்டியே நிறுத்தப்பட்டது. ஆய்வின் தலைப்புச் செய்தி டோஸைப் பற்றியது. செய்தியின் உயிரோ அந்தச் சந்திப்புகளில் இருக்கிறது. சந்திப்பு இல்லாமல் டோஸை மட்டும் கடன் வாங்கினால் அது ஒன்டாரியோவில் முடியும்.

சந்திப்புக்குப் பதிலாகத் தொலைபேசி போதுமா என்று கேட்பவர்களுக்கு 2010இன் டெலி-எச்எஃப் ஆய்வு ஒரு பதில் வைத்திருக்கிறது. தானியங்கிக் குரல் தினமும் நோயாளியின் எடையையும் அறிகுறிகளையும் கேட்டு வாங்கியது. மறுசேர்க்கையும் குறையவில்லை, மரணமும் குறையவில்லை.

7. சம்மரி கைக்கு வந்த பிறகு

இப்போது கரமனைப் பாலத்தின் மறுதிசைக்குத் திரும்புவோம். குமரி மாவட்டத்து நோயாளி ஆறாம் நாள் வீடு போகிறார். கையில் ஆங்கிலத்தில் அச்சான டிஸ்சார்ஜ் சம்மரி. இரண்டு வாரத்தில் மீண்டும் வர வேண்டும் என்று எழுதியிருக்கும். அதற்கு ஒரு நாள் கூலி போகும், துணைக்கு வருபவரின் கூலியும் போகும். அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் இந்த இரண்டுக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்கே கொண்டுவருகிறது. கேரளத்தில் 2017இல் தொடங்கிய ஆர்த்ரம் இயக்கம் ஆரம்ப சுகாதார நிலையங்களைக் குடும்ப சுகாதார மையங்களாக வளர்த்தது. இரண்டு மாநிலங்களின் பெருமைகளும் உண்மையானவை. ஆனால் வேறொரு மருத்துவமனை தொடங்கிய கார்வெடிலாலை 3.125 மில்லிகிராமிலிருந்து 6.25க்கு உயர்த்த அங்குள்ள மருத்துவர் துணிவாரா? 'அங்கேயே போய்க் காட்டுங்கள்' என்பதே வழக்கமான மறுமொழி. அதுவும் ஒரு வகையில் கண்ணியமான மறுமொழிதான். அடுத்தவர் கைப்பக்குவத்தில் தலையிடாத மரபு.

வீட்டில் இன்னொன்று நடக்கிறது. சீட்டிலுள்ள மூன்று மருந்துமே அழுத்தத்தைக் குறைப்பவை. மருந்துக்கடைக்காரர் 'பிரஷர் மாத்திரை' என்று சொல்லிக் கொடுப்பார். பக்கத்து கிளினிக்கில் அளந்தால் 100 இருக்கும். பிரஷர்தான் இல்லையே என்று குடும்பம் இரண்டை நிறுத்திவிடும். வீக்கத்தை வற்றவைக்கும் நீர் மாத்திரையை மட்டும் விடாது, ஏனென்றால் அதன் பலன் கண்ணுக்குத் தெரிகிறது. உயிரை நீட்டிக்கிற மருந்துக்கு உணரத்தக்க பலன் இல்லை, பலன் உணர்கிற மருந்து உயிரை நீட்டிப்பதாக நிரூபிக்கப்படவில்லை. இதை நிதானமாக விளக்க யாருக்காவது நேரமிருக்க வேண்டும். பதிவேட்டில் குறைந்த படிப்பு மரணத்தோடு சேர்ந்து வந்ததற்கு வறுமையும் காரணமாக இருக்கலாம். இந்த விளக்கம் கிடைக்காமல் போனதும் அதில் ஒரு பங்கு என்று நினைக்கிறேன். தேசியப் பதிவேட்டிலும் படிப்புக்கும் மரணத்துக்கும் இதே தொடர்பு வந்தது. எழுத்தறிவில் முன்நிற்கும் ஒரு மாநிலத்தின் தலைநகரில் இது முதலில் கண்ணில் பட்டது கவனிக்கத்தக்கது.

காப்பீடும் வார்டோடு நின்றுவிடுகிறது. ஆயுஷ்மான் பாரத் திட்டம் டிஸ்சார்ஜுக்குப் பின் 15 நாள் மருந்துச் செலவை ஏற்கிறது. ஸ்ட்ராங்-எச்எஃப் நோயாளியின் மூன்றாம் வாரச் சந்திப்பும் ஆறாம் வாரச் சந்திப்பும் அந்தக் கணக்குக்கு வெளியே. மறுசேர்க்கை ஆனால் பணம் உண்டு. மறுசேர்க்கையைத் தடுக்கும் ரத்தப் பரிசோதனைக்கு இல்லை. டாபாகிளிஃப்லோசினின் காப்புரிமை 2020இலும் சாகுபிட்ரில்-வால்சார்டனின் காப்புரிமை 2023இலும் இந்தியாவில் முடிந்து, பல நிறுவனங்கள் அவற்றைத் தயாரிக்கின்றன. மருந்தின் விலை இறங்குகிறது. டோஸை ஏற்ற வேண்டிய ஆளுக்கான செலவை இன்னும் எவரும் ஏற்கவில்லை.

8. பதிவேட்டில் இல்லாத பத்தி

திருவனந்தபுரம் பதிவேடு மருந்து எழுதப்பட்டதா என்று கேட்டது. 90 நாளிலும், மூன்று, ஐந்து ஆண்டுகளிலும் உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டது. இடைப்பட்ட முதல் சில வாரங்கள் அந்தக் கேள்விகளுக்கு நடுவே நழுவிவிடுகின்றன. அடுத்து ஒரு பதிவேடு தொடங்குபவர்கள் மூன்று பத்திகளைச் சேர்க்கலாம். டிஸ்சார்ஜுக்குப் பின் பொட்டாசியமும் கிரியாட்டினினும் முதலில் பார்க்கப்பட்ட தேதி. அந்த முடிவைப் படித்தவர் யார் என்பது: சிறப்பு மருத்துவரா, சுகாதார நிலைய மருத்துவரா, பயிற்சி பெற்ற செவிலியரா, எவருமில்லையா. மருந்து எழுதப்படாதபோது சம்மரியில் காரணம் குறிக்கப்பட்டதா என்பது. மூன்றாவது பத்தி மிக முக்கியம்: அழுத்தம் தாழ்ந்ததால் எழுதவில்லை என்று ஒரு வரி இருந்தால், நியாயமான தயக்கம் வெறும் மறதியிலிருந்து பிரிந்துவிடும். இந்த வரியை எழுதச் செவிலியருக்கோ மென்பொருளுக்கோ காத்திருக்க வேண்டியதில்லை. சம்மரியில் கையெழுத்திடும் மருத்துவர் நாளைக்கே தொடங்கலாம்.